ஷூ கடிக்கிறதா, கால் நழுவுகிறதா? மலைக்கு பூட்ஸ் வாங்கும் முன்

ஜனவரி பிறந்ததும் எங்கள் கிளினிக்குக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். டிசம்பர் விடுமுறையில் உத்தரகாண்ட் பக்கம் பனியில் மலையேறிவிட்டுத் திரும்பியவர்கள். இரண்டு குதிகாலின் பின்பக்கமும் தோல் உரிந்து சிவந்திருக்கும், பெருவிரல் நகம் கறுத்திருக்கும். சிலர் ஷூ போட முடியாமல் ரப்பர் செருப்போடு அலுவலகத்திலிருந்து நேராக வருவார்கள். வெள்ளியங்கிரி சீசன் முடியும்போது இன்னொரு கூட்டம். எலும்பு மூட்டு மருத்துவத்தில் பாதமும் கணுக்காலும்தான் என் அன்றாட வேலை என்பதால் இந்தக் கால்களை நிறையவே பார்க்கிறேன்.

வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஷூ ரொம்ப ஹார்டு டாக்டர், கடிச்சிடுச்சு." அடுத்த தடவை மெத்தென்று ஒன்று வாங்கப்போவதாகவும் சொல்வார்கள். சிலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கப்போவதாகச் சொல்வார்கள். இரண்டுமே பிரச்சினையைத் தீர்க்காது. இரண்டாவது அதை இன்னும் மோசமாக்கும். கொப்புளம் வருவதற்கும் பூட்ஸ் விறைப்பாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஷூவுக்குள் கால் நகர்வதுதான் காரணம். விறைப்பான பூட்ஸ் செய்வதெல்லாம், அளவில் நீங்கள் விட்ட பிழையை மன்னிக்காமல் இருப்பது மட்டும்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. இடது புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல் விரலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கவில்லை, தோலும் விரலோடு சேர்ந்தே போய் வருகிறது, உள்ளே இருக்கும் எலும்பு மட்டும் நகரவில்லை. தெரிகிறதா? குதிகாலில் நடப்பது இதன் மறுபக்கம். ஷூவும் சாக்ஸும் தோலைப் பிடித்துக்கொள்கின்றன, உள்ளே குதிகால் எலும்பு ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோல் ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபடும்போது அதன் உள் அடுக்கு ஒன்று கிழிகிறது. கிழிந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால் அதுதான் கொப்புளம். அதாவது மேலே உரசித் தேய்வதைவிட உள்ளே இழுபடுவதுதான் பெரிய வில்லன். குதிகாலும் உள்ளங்காலும் அடிக்கடி கொப்பளிப்பதற்கும் இதுவே காரணம். அங்கே தோல் தடிமன், மேற்பரப்பு தேய்ந்து போகாமல் தாக்குப்பிடிக்கும், கிழிசல் உள்ளேயே நடக்கும். தோல் மெலிந்த இடமாக இருந்தால் கொப்புளம் வராது, சிராய்த்துவிடும்.

ஈரம் இதைக் கூட்டுகிறது. காய்ந்த தோலைவிட வியர்வையில் ஊறிய தோலில் பிடிப்பு அதிகம். பிடிப்பு அதிகமானால் தோல் வழுக்காமல் இன்னும் நன்றாக இழுபடும். நம் ஊர்க் காலுக்கு வியர்வையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் விறைப்பான பூட்ஸ் எதற்கு? சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா?

பல இடங்களுக்குப் போதும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது பலர் யூடியூபில் அமெரிக்க மலை வேட்டைக்காரர்களின் பூட்ஸ் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் அண்ணனிடமோ மச்சானிடமோ சொல்லி வாங்கி வரச் சொல்கிறார்கள். நம் நாட்டில் வேட்டையை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் அந்த பூட்ஸ் இங்கே மலையேறுகிறவர்களின் காலில் வந்து சேர்ந்துவிட்டது. அவை எந்த வேலைக்காக உருவானவை என்று பார்த்தால் நமக்குத் தேவையா என்பது தானாகப் புரியும். ஆல்ப்ஸிலும் ராக்கி மலைகளிலும் காட்டாட்டையோ மானையோ தேடிப் போகிறவர் பாதையில் நடப்பதில்லை. சரிவின் குறுக்கே, பாதத்தின் ஒரு ஓரத்தை மட்டும் மண்ணில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கிறார். திரும்பும்போது இறைச்சியின் சுமை முதுகில் ஏறிக்கொள்கிறது. வளையும் சோலாக இருந்தால் அந்தச் சரிவில் பாதம் முறுக்கிக்கொள்ளும், கூர்ங்கற்கள் உள்ளங்காலில் குத்தும், பாதத்தின் சிறு தசைகள் மதியத்துக்குள் சோர்ந்துவிடும். சோலின் நடுவில் நைலான் தகடோ எஃகுத் தகடோ வைத்து விறைப்பாக்குவது இதற்காகத்தான். பாதம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை அந்தத் தகடு எடுத்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் மெய்ன்டில் நிறுவனம் பூட்ஸ்களை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தியது. இன்று ஐரோப்பியக் கம்பெனிகள் பலவும் அந்த வரிசையைப் பயன்படுத்துகின்றன. ஏ என்றால் நல்ல பாதையில் நடப்பதற்கு. பி என்றால் கரடுமுரடான மலைப்பாதைக்கு. சி பனியாறுகளுக்கும் பாறைச் சரிவுகளுக்கும், இரும்பு முள்பட்டை மாட்டிக்கொண்டு நடக்கவும். டி உறைபனிச் சுவரில் ஏறுகிறவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏ/பி, பி/சி என்று இடைப்பட்டவையும் உண்டு. மலை வேட்டைக்கென்று விற்பவை பெரும்பாலும் பி, பி/சி, சி என்ற வரிசையில் வரும்.

நம் பக்கத்து மலைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் ஆன்லைன் பதிவோடு திறந்த 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு நாள் நடந்து திரும்புவதற்கு ஏ/பி ரகமே தாராளம். பர்வதமலையில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் செங்குத்தான இடங்களில் விறைத்த பூட்ஸ் போட்டிருப்பவர் படும் அவஸ்தை தனி. பாறையின் வளைவைப் பாதத்தால் உணரவே முடியாது. சென்னையிலிருந்து காலையில் கிளம்பி நாகலாபுரம் போய் ஓடையில் இறங்கி ஏறுகிறவருக்கு கனத்த தோல் பூட்ஸ் வெறும் சுமை, நனைந்தால் இரட்டைச் சுமை. காலில் அரைக் கிலோ கூடினால் முதுகில் அதைப்போலப் பல மடங்கு ஏற்றியது மாதிரி உடல் சோர்ந்துவிடும். பல நாள் சுமையோடு இமயமலையில் கற்குவியல்களையும் பனியையும் கடக்கப் போகிறீர்களா? அப்போது விறைப்பு வேண்டும். அங்கே மெத்தென்ற ஷூவோடு போய் உள்ளங்கால் வீங்கித் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் போட்டால் சுளுக்கே வராது என்று கடைக்காரர் சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். கல்லும் முள்ளும் படாமல் அது காக்கும், சரிவில் ஓரளவு தாங்கும். சுளுக்கைத் தடுக்கும் முதல் காவல் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைதான். ஏற்கெனவே ஒருமுறை நன்றாகச் சுளுக்கியவர் பூட்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் சில வாரம் ஒற்றைக்கால் பயிற்சி எடுத்துக்கொள்வது மேல்.

இப்போது விறைப்பும் கொப்புளமும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். சாதாரண ஷூவில் அடி எடுக்கும்போது முன்பாதத்தில் சோல் மடங்கும், குதிகால் பகுதி காலோடு சேர்ந்து மேலே வரும். விறைத்த சோல் மடங்காது. கால் மேலே போகப் பார்க்கும், பூட்ஸ் கீழேயே நிற்கப் பார்க்கும், நடுவில் குதிகால் உள்ளே எழும்பும். இதைக் குறைக்கத்தான் நல்ல பூட்ஸ்களில் சோலின் முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும், உருண்டு போகிற மாதிரி. அந்த வளைவு இல்லாமல் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும் பூட்ஸை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வளைவு இருந்தாலும் குதிகால் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். அதைச் சில மில்லிமீட்டருக்குள் அடக்குவது குதிகாலைச் சுற்றியிருக்கும் கெட்டியான கிண்ணப் பகுதி. அது உங்கள் குதிகாலைக் கவ்விப் பிடிக்கிறதா என்பதுதான் பூட்ஸ் வாங்குவதில் முதல் கேள்வி. பிராண்டு, விலை, நிறமெல்லாம் அப்புறம்.

நம் பாதம், அவர்கள் அச்சு

வெளிநாட்டு பூட்ஸ் நம்மைக் கடிப்பதற்கு இன்னொரு காரணம், அவை வேறு ஒரு பாதத்தை நினைத்துச் செய்த அச்சில், அதாவது பாத வடிவக் கட்டையில், உருவானவை. நம்மில் பெரும்பாலோர் பள்ளி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் செருப்பிலோ வெறுங்காலிலோ வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்த பாதத்தில் விரல்கள் விரிந்திருக்கும், முன்பாதம் அகலமாக இருக்கும், குதிகால் பகுதி அந்த அளவுக்கு அகலமாக இருக்காது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலம் கூடியவை என்பதுதான் அதில் தெரிந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கான தனி அளவு முறையையும் முன்வைத்தார்கள். அது கடைகளுக்கு முழுமையாக வந்து சேரும்வரை நாம் இங்கிலாந்து எண்ணையும் ஐரோப்பிய எண்ணையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

சமாளிக்கிறோம் பேர்வழி என்று நாம் செய்வது என்ன? முன்பாதம் நெருக்கினால் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறோம். பள்ளிக்கூட ஷூவை "வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கு" என்று வாங்கிக் கொடுத்த வீட்டுப் பழக்கம் போகாது. இங்கிலாந்து அளவில் ஒரு எண் என்பது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் எட்டரை மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது அகலம், வாங்குவதோ நீளம். முன்பக்கம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும், பின்பக்கம் குதிகால் கிண்ணத்தில் காலியிடம் உருவாகும். அதோடு பூட்ஸ் மடங்க வேண்டிய இடமும் உங்கள் விரல் மூட்டு மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று தள்ளிப்போய்விடும். பெரிய சைஸ் வாங்கியவர் காலில் குதிகால் கொப்புளமும் கறுத்த நகமும் சேர்ந்தே வருவதற்கு இதுதான் காரணம். ஏறும்போது குதிகால் எழும்புகிறது, இறங்கும்போது பாதம் மொத்தமும் முன்னால் சறுக்கி விரல்கள் முனையில் போய் முட்டுகின்றன.

அகலம் வேண்டுமென்றால் அகல அச்சில் வரும் மாடலையே தேடுங்கள். ஒரே எண்ணில் அகலமான வகையும் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அழுத்துகிறது, மற்றபடி கச்சிதம் என்றால் தோல் பூட்ஸை அந்த இடத்தில் மட்டும் விரித்துக் கொடுக்க முடியும். பெரியமேடு பக்கம் தோல் வேலை தெரிந்தவர்கள் மர அச்சு வைத்து இதைச் செய்து தருவார்கள். குதிகாலில் தொளதொளவென்று இருப்பதை யாராலும் சுருக்கிக் கொடுக்க முடியாது. அதனால் முடிவெடுக்கத் தடுமாறினால் குதிகால் கச்சிதமாக இருக்கும் பூட்ஸுக்கே என் ஓட்டு.

கடையில் ஒரு மணி நேரம்

ஆன்லைனில் முதல் பூட்ஸை வாங்காதீர்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வாங்கினாலும் திருப்பி அனுப்ப வசதி உள்ளதா என்று பார்த்து, வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் மட்டும் போட்டு நடந்து பாருங்கள், சோல் அழுக்காகாது.

கடைக்குப் போவதென்றால் மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகும் சாக்ஸையே கையோடு எடுத்துப் போங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸை வைத்துப் பார்த்த அளவு ஒன்றுக்கும் உதவாது.

முதலில் பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை உருவி வெளியே வையுங்கள். அதன்மேல் ஏறி நில்லுங்கள், உட்கார்ந்தபடி வைத்துப் பார்த்தால் பாதம் விரியாது. சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் மூட்டுப் பக்கமோ சதை இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஒடுக்கம். லேஸ் கட்டும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து இன்சோலைத் திரும்பப் போட்டு, லேஸ் கட்டாமலே காலை நுழைத்து, விரல்கள் முனையைத் தொடும்வரை பாதத்தை முன்னால் தள்ளுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் இறுக்கமாக நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் போனால் பெரிது. நுழையவே இல்லையென்றால் இறக்கத்தில் நகத்தை மறந்துவிடுங்கள்.

அப்புறம் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து லேஸை இறுக்குங்கள். இப்போது விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும், முன்னால் கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு இடம் இருக்க வேண்டும். எழுந்து முன்னங்காலில் எழும்பி இறங்குங்கள். புதிய விறைத்த பூட்ஸில் குதிகால் கடுகளவு எழும்பினால் பரவாயில்லை, பழகப் பழகக் குறையும். "டொக்" என்று தனியாக எழுந்து அமர்வது காலுக்குத் தெரிந்தால் வேண்டாம். பெரிய கடைகளில் சரிவான பலகை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அந்த மாலின் வாகன நிறுத்தச் சரிவு இருக்கவே இருக்கிறது, விற்பனைப் பையனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முட்டுகிறதா, ஏற்றத்தில் குதிகால் எழும்புகிறதா. இருபது நிமிடமாவது போட்டபடி இருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாத அழுத்தம் அதற்குள் சிவப்பாகத் தோலில் தெரிந்துவிடும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது. பெரிய காலுக்கு வாங்கிச் சின்னக் காலுக்கு இன்சோலில் ஈடுகட்டுங்கள்.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் நல்லதா என்று கேட்கிறார்கள். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகள் வெளியே இருக்கும் தண்ணீரைத் தடுத்து உள்ளே இருக்கும் ஆவியை வெளியே விடும். குளிர்ப் பிரதேசத்தில் பனியில் நடக்க அருமை. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஆவி வெளியேற வழி குறைவு, வியர்வை உள்ளேயே தங்கும். ஓடையில் கணுக்காலுக்கு மேல் இறங்கிவிட்டால் உள்ளே போன தண்ணீரும் வெளியே வராது. ஏலகிரி, ஜவ்வாது மலைக்கென்றால் அது இல்லாததே தேவலை.

தட்டையான ஊரில் பூட்ஸைப் பழக்குவது

தோல் பூட்ஸ் காலுக்குப் படிய நேரம் எடுக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வாங்கினால் மலையில்தான் பழகும், உங்கள் தோலின் செலவில். குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். முதல் சில நாள் வீட்டுக்குள், அப்புறம் தெருவில், அப்புறம் படியில். சென்னையில் மேடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அடுக்குமாடிப் படிக்கட்டு நல்ல பயிற்சி. லிஃப்டைப் பார்க்காதீர்கள். பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தள்ளிப் போகலாமென்றால் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், செருப்பைக் கீழே விடாமல் மேலே போக முடியாது என்பது மட்டும்தான் சங்கடம்! முதுகில் நீங்கள் சுமக்கப்போகும் எடையோடு பழகுங்கள். சுமை ஏறினால் பாதம் நீள்கிறது, விரிகிறது. வெறும் கையோடு கச்சிதமாக இருந்த பூட்ஸ் பத்துக் கிலோவோடு இறுக்கலாம்.

சீக்கிரம் பழக வேண்டுமென்று பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுவது, அடுப்புப் பக்கத்தில் காயவைப்பது, மொட்டைமாடி வெயிலில் போடுவது எல்லாம் வேண்டாம். தோல் வெடிக்கும், பசை விடும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

சாக்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுவார்கள். பல ஆயிரம் கொடுத்து பூட்ஸ், உள்ளே நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடிப் பருத்தி சாக்ஸ். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ளும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டர் கலவையோ வாங்குங்கள். உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, வெளியே தடித்தது ஒன்று என்று இரண்டு போட்டால் இழுபடல் தோலில் நடக்காமல் சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் போய்விடும். இரண்டும் சேர்ந்து பூட்ஸில் இறுக்காமல் இருக்க வேண்டும், பனியில் இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும்? முதலில் வழுக்கலாக இருக்கும், சில மணி நேரத்துக்குப் பிறகு தோல் ஊறிப்போய் பிடிப்பு முன்பைவிடக் கூடும். நீண்ட நடைக்கு நான் சொல்வது பேப்பர் டேப், மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுப்பார்கள். 2016-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்களின் ஆய்வு, பாலைவனம் போன்ற இடங்களில் பல நாள் ஓடும் 250 கிலோமீட்டர் போட்டியாளர்களின் கால்களில் இந்த டேப்பை ஓட்டத்துக்கு முன்பே ஒட்டிப் பார்த்தது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. விலையோ அற்பம். காலைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்தபின், சுருக்கமில்லாமல், வழக்கமாகக் கடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டினால் எடுக்கும்போது தோலோடு வரும்.

வியர்வையை நிறுத்தும் மருந்து தடவலாமா என்று கேட்கும் ஆராய்ச்சி மனசுக்காரர்களுக்கு ஒரு பதில். அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களை 21 கிலோமீட்டர் நடக்கவைத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அலுமினியம் குளோரைடு கரைசலைச் சில நாள் முன்னதாகவே தடவிவந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் கொப்புளம் வந்தது, தடவாதவர்களில் 48 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தடவியவர்களில் பாதிக்கு மேல் தோல் எரிச்சல். நான் பரிந்துரைப்பதில்லை.

மலையில் நடக்கும்போது ஒரே ஒரு பழக்கம் போதும்: "சுருக்"கென்று சூடாக உணர்ந்த உடனே நிற்பது. கூட வந்தவர்கள் முன்னால் போகிறார்களே என்று கூச்சப்பட்டு அடுத்த ஓய்வு இடம்வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள், அந்த அரை மணி நேரத்தில்தான் தோல் கிழிகிறது. ஷூவைக் கழற்றி, மணலைத் தட்டி, சாக்ஸை மாற்றி, டேப் ஒட்டி லேஸைத் திரும்பக் கட்டுங்கள். ஏற்றத்தில் கணுக்கால் மடிப்பில் லேஸை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கி இறுக்கிவிட்டு மேலே தளர்வாகக் கட்டலாம். இறக்கத்தில் மேலேயும் இறுக்குங்கள், பாதம் முன்னால் போகாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் கழி இறங்கும்போதுதான் அதிகம் உதவும், ஏறி முடித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பரணில் கிடக்கும் பூட்ஸ்

சென்னைவாசிகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி இரண்டே முறை போட்ட விலையுயர்ந்த பூட்ஸ், பெட்டியோடு பரணில் பத்திரமாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரிப் பளபளக்கும். அதைப் போட்டுக்கொண்டு மலையேறினால் பாதி வழியில் சோல் அப்படியே கழன்று கையோடு வரும். ஒருவர் அப்படிக் கழன்ற சோலை லேஸால் கட்டிக்கொண்டு இறங்கி, கணுக்கால் சுளுக்கோடு வந்தார். ஆதாரத்துக்கு அந்த பூட்ஸையும் ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். நடுச் சோலை, அதாவது தரையில் படும் அடிச்சோலுக்கு மேலே இருக்கும் மெத்தைப் பகுதியை, விரலால் அழுத்தினேன், பழைய வடகம் மாதிரி மேசையெல்லாம் உதிர்ந்தது.

காரணம் வேதியியல். நல்ல விறைப்பான பூட்ஸ்களின் நடுச் சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன். மலிவான, மென்மையான ஷூக்களில் வரும் ஈ.வி.ஏ. நுரையைவிட அது நீண்ட நாள் அமுங்காமல் தாங்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் இணைப்புகளை அறுத்துவிடும். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடற்கரை ஊரில் காற்றோட்டமில்லாத பரண் என்றால் கேட்கவே வேண்டாம். போடாமல் வைத்திருந்தால் கெடாது என்ற நினைப்பு இங்கே தலைகீழ். அடிக்கடி போட்டால் சோல் அமுங்கி உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், சும்மா கிடந்தால் தங்கிவிடும். எனவே தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், பெரும்பாலும் நாக்குப் பகுதியின் உள்ளே அச்சிட்டிருப்பார்கள். சில ஆண்டு பழைய பூட்ஸாக இருந்தால் கிளம்புவதற்கு வாரங்கள் முன்பே எடுத்து, நடுச் சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கோடு கோடாக வெடித்தாலோ பிசுபிசுத்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மற்ற நேரத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் காற்றாடும் அலமாரியில் வையுங்கள், மாதம் ஒருமுறையாவது போட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

கொப்புளம் வந்துவிட்டால்

சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் தொடாதீர்கள். மேலே இருக்கும் தோலைவிட நல்ல கட்டு எதுவும் இல்லை. பெரிதாகி நடக்கவே முடியவில்லையென்றால், சோப்பால் கழுவி, கிருமிநாசினி தடவி, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்த சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடலாம். தோலைக் கத்தரிக்கக் கூடாது. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கும் வைத்தியம் இன்றும் நடக்கிறது, அந்த நூல் கிருமிகளுக்கு நேர்ப் பாதை. பற்பசையும் காப்பித் தூளும் வேண்டாம். தோல் உரிந்துவிட்டால் புண்ணை மூடிப் பாதுகாக்கும் ஜெல் பட்டையான ஹைட்ரோகொல்லாய்டு பட்டையை ஒட்டுங்கள், அதையும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி முன்கூட்டியே பையில் வையுங்கள். ரத்தம் கலந்த கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

இதெல்லாம் நீரிழிவு இல்லாதவர்களுக்கு. நீரிழிவு இருந்தால் கதையே வேறு. சர்க்கரை பல ஆண்டுகளாக இருப்பவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும், அவர்களுக்கே தெரியாது. நாங்கள் 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு "தொட்டேனா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வரும், இழையோ வளைந்து நிற்கும். அப்படிப்பட்ட காலுக்கு "சுருக்"கென்ற எச்சரிக்கையே வராது. ஷூ நன்றாக மெத்தென்று இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரி சாக்ஸில் ஈரத்தைப் பார்த்துத்தான் புண்ணைக் கண்டுபிடிப்பார்கள். வேண்டுதலுக்காக வெறுங்காலில் மலையேறுகிறவர்களுக்கும் இதே கதைதான், பாறை சுட்டது தெரியாது. மலைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கிளம்பும் முன் பாதப் பரிசோதனை ஒன்று, நடக்கும்போது ஒவ்வொரு ஓய்விலும் சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பது, உள்ளங்காலைப் பார்க்கக் குனிய முடியாவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடி அல்லது மொபைல் கேமரா. இவை கட்டாயம். புதிய விறைத்த பூட்ஸை உணர்வு குறைந்த காலுக்கு நீங்களாகவே தேர்ந்தெடுக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் தெரிந்தாலோ, காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ யாராக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர் இதில் எதுவும் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். தோல் பிரிந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.